பாதிக்கு விட்ட எலி

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள் இவ்வளவு பேர். தையல் மெஷின் முன்னால் நான். அடுக்களை வாசலில் என் பெண்டாட்டி. துணி வெட்டும் மேசைக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒன்பது வயது மகள். பிளாஸ்டிக் நாற்காலியில் என் பெண்டாட்டியின் அக்கா. மகனுக்கு யூனிபாரம் தைக்கக் கொடுக்க வந்த, அண்டி ஆபீசில் முந்திரிப் பருப்புக்குத் தோலெடுக்கும் ஒரு அம்மா. மேசைமேல் கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு வெள்ளை எலி. அதன் வயிற்றுக்கு அடியில், பிறந்து மூன்று நாளான ஏழு குட்டிகள். இத்தனை பேருக்கும் நடுவில், சட்டைக் கையை மடக்கி விட்டுக்கொண்டு, அவர்.

மறுநாள் விடிந்து எண்ணியபோது ஆட்களில் ஒரு குறைவும் இல்லை. குட்டிகள் ஏழும் இல்லை.

அவர் என்று நான் சொல்வது என் பெண்டாட்டியின் அக்கா கணவரை. நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால், அந்தப் பெயரும் அவர் எனக்குக் கொடுத்தது என்று ஆகிவிடும். அப்படிப்பட்ட மனிதர்.

கல்ஃபில் ஒரு கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் ஸ்டோர் கீப்பராக இருந்தார். காலையில் வேலைக்காரர்களுக்கு ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், கையுறை எல்லாம் எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது, சாயங்காலம் எண்ணித் திரும்ப வாங்குவது. இதுதான் வேலை. ஊருக்கு வந்த பிறகும் அவர் அந்த வேலையை விடவில்லை. தக்கலையில் பாதிப் பேருக்கு ஏதாவது ஒன்றைக் கொடுத்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக, கழுத்திலும் இரண்டு கையிலும் கல்ஃப் சென்டைத் தேய்த்துக்கொண்டு, கொடுத்த சாமான்களைப் பார்வையிடக் கிளம்பிவிடுவார்.

"குடுத்தா மட்டும் போருமா தம்பி? பாக்கண்டாமா?" இதுதான் அவர் வாயில் எப்போதும் இருக்கும் சொல்.

என் கல்யாணத்துக்கு ஒரு டேபிள் ஃபேன் கொடுத்தார். கல்ஃபிலிருந்து கொண்டு வந்தது. அதற்குப் பிறகு எப்போது வீட்டுக்கு வந்தாலும் முதலில் என்னைப் பார்க்கமாட்டார், ஃபேனைப் பார்ப்பார். சுட்டுவிரலை இறக்கையில் ஒரு தடவு தடவி, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அந்தத் தூசியை என் பெண்டாட்டிக்குக் காட்டுவார். "ஏட்டி, எனக்க ஃபேனுக்க கெதியப் பாத்தியா?" என்பார். சர்க்கார் மிக்ஸியும் கிரைண்டரும் ஃபேனும் வீட்டுக்கு வீடு இலவசமாய்க் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. எங்களுக்கும் ஒரு செட் கிடைத்தது. சர்க்கார் கொடுத்த ஃபேனை ஒருநாளும் யாரும் வந்து விரலால் தடவிப் பார்க்கவில்லை. நான் இரண்டு ஃபேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சர்க்கார் ஃபேனைத்தான் ஓட்டினேன். இவருடைய ஃபேனைத் துணி போட்டு மூடி வைத்திருந்தேன், தூசி பட்டுவிடுமே என்ற பயத்தில்.

எனக்குக் கொஞ்சம் வெப்ராளம் கூடுதல். கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று அடுக்களைக்கு மூன்று தடவை போய் வருவேன். தைத்துக் கொடுத்த சட்டைக்கு ஐந்து பட்டன் வைத்தோமா ஆறு வைத்தோமா என்று ரோட்டில் போகிறவனை நிறுத்திக் கேட்பேன். ஏழாம் கிளாஸ் பாதியில் நிறுத்தி, காலால் மெஷின் சவுட்ட வந்தவன் நான். படித்தவனுக்குத் தெரிந்தது ஏதோ நமக்குத் தெரியவில்லை, அதனால் ஏதோ ஒன்று தப்பாகிவிடும் என்றுதான் எப்போதும் தோன்றும். அவருக்கு இது நன்றாகத் தெரியும். பயப்படுகிறவனைத் தேடிப்பிடித்துக் கொடுப்பதில்தான் அவருக்கு ருசி. தைரியசாலி வாங்கி வைத்துக்கொண்டு போடா என்று சொல்லிவிடுவான் அல்லவா?

ஒருமுறை ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு ஆளின் சட்டைக் காலரை அவர் பின்னாலிருந்து இழுத்துச் சரிசெய்தார். அந்த ஆள் திரும்பிப் பார்த்தான். "இல்ல, நான் குடுத்த துணியாக்கும். காலர் மடங்கிக் கெடந்துது," என்றார் சுற்றியிருந்தவர்களிடம். அந்த ஆள் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை, சாப்பிடவும் இல்லை. சட்டையைத் தைத்தது நான். அந்தச் சட்டையை அவன் அதற்குப் பிறகு போட்டு நான் பார்த்ததில்லை.

நாங்கள் கும்பிடப் போகும் அய்யாவழித் தாங்கலுக்கு, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு ஆக்க, அவர் ஒரு பெரிய வெண்கல வார்ப்பு வாங்கிக் கொடுத்தார். நல்ல காரியம்தான். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் சமையல்காரருக்கு முன்னால் போய் அடுப்படியில் நிற்பார். தீ கூடிப்போச்சு, அகப்பையால் உரசாதே, தேங்காய்த் தொண்டு போட்டு மெதுவாக எரி என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஒருநாள் சமையல்காரர் அகப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு, "நீங்களே கிண்டும். நான் கும்பிட்டுட்டு வாறேன்," என்று போய்விட்டார். அன்றைக்குச் சோறு அடிப்பிடித்தது. வார்ப்பு மட்டமான வெண்கலம், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார். தப்பு ஒருநாளும் அவர் கையில் நின்றதில்லை. கடைக்காரன் கையில் நிற்கும், அல்லது வாங்கினவன் கையில் நிற்கும்.

அவரைப் பற்றி அவருடைய பெண்டாட்டி ஒருநாள் என் பெண்டாட்டியிடம் சொன்னது இது. "கல்யாணத்தன்னிக்குப் போட்ட மோதிரத்த இப்பவும் மாசத்துக்கு ஒருக்கா கையப் புடிச்சுப் பாப்பாரு பிள்ள. ஆசையில பிடிக்கியாருன்னு நான் ஆரம்பத்துல நெனச்சேன்."

இதையெல்லாம் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். என்னால் சிரிக்க முடியாது. ஏனென்றால் என் தையல் மெஷினுக்கு மோட்டார் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். காலால் சவுட்டினால் ஒரு நாளைக்கு நான்கு சட்டை. மோட்டாரில் ஒன்பது. சொந்தத்தில் ஒரு பையனுக்குக் கொடுத்த சைக்கிளை, செயினில் சேறு இருந்தது என்று, நடுரோட்டில் நிறுத்தி அவர் திரும்ப வாங்கி உருட்டிக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். பையன் ஸ்கூல் பையோடு நடந்து போனான். அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குள் வரும்போதெல்லாம் என் கண் மோட்டார் மேல்தான் போகும்.

எலியைக் கொண்டு வந்தது ஒரு ஆவணி மாதம், ஓணத்துக்கு இரண்டு நாள் முன்பு.

"மக்ளே, பெரியப்பா உனக்கு ஒரு சாதனம் கொண்டு வந்திருக்கேன். கண்ண மூடு," என்றார் மகளிடம். அவள் கண்ணை மூடினாள். நான் திறந்துகொண்டுதான் இருந்தேன். மீன் வளர்க்கிற கண்ணாடித் தொட்டி. உள்ளே சிவப்புக் கண்ணோடு ஒரு வெள்ளை எலி, பின்னங்காலில் நின்று மூக்கை ஆட்டிக்கொண்டிருந்தது.

தையல்காரன் வீட்டுக்கு எலியைப் பரிசாகக் கொண்டு வர அவரால்தான் முடியும். வீட்டுக்குள் எலி வராமல் பார்ப்பதுதான் என் பாதித் தொழில். அடுத்தவர்கள் துணி. ஒரு ஓட்டை விழுந்தால் நான் ஒரு சட்டைக்குத் துணி எடுத்துக் கொடுக்க வேண்டும். போதாததற்கு அந்த வருஷம் வயல் பக்கத்தில் இரண்டு பேருக்கு எலிக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லி நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா, காய்ச்சல் கீச்சல் வந்துரப்பிடாது," என்றேன்.

"அது வயல் எலிலே. இது ஃபாரின் எலி. இதுக்கு ஒரு நோயும் கெடையாது. நம்மள விட சுத்தம்," என்றார். 'நம்மள விட' என்று சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார்.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. நாகர்கோவிலில் ஒரு கடையில் அவர் மகனுக்காக ஜோடியாக வாங்கியிருக்கிறார். பையனுக்கு ஒரு வாரத்தில் சலித்துவிட்டது. வீட்டில் நாற்றம். அக்கா, "ஒண்ணு எலி நிக்கணும், இல்ல நான் நிக்கணும்," என்று சொல்லியிருக்கிறாள். அவர் யோசித்து ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றைக் கொடுத்துவிட்டார். பெட்டை அவர் வீட்டில், கடுவன் எங்கள் வீட்டில். அப்படித்தான் சொன்னார். பெயரும் அவரே வைத்துக்கொண்டு வந்திருந்தார். சுல்தான்.

மகள் அவர் இருக்கும்போது சுல்தான் என்றாள். அவர் படியிறங்கிய பிறகு பஞ்சு என்றாள்.

முதல் ஒரு வாரம் நான் அதன் பக்கத்திலேயே போகவில்லை. தொட்டிக்கு மேல் போட வலை அடித்த மரமூடி ஒன்று ஆசாரியிடம் செய்து வாங்கினேன். மூடியின்மேல் தையல்பெட்டியை வைத்தேன். அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். மகள் எலியைத் தொட்டுவிட்டு வந்தால் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்வேன். மூன்றாவது தடவை நானும் கழுவுவேன், தொடாமலேயே.

மகள்தான் அதை வளர்த்தாள். காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு மூடி தண்ணீர். கொஞ்சம் அரிசி, நான்கைந்து பாசிப்பயறு, ஒரு துண்டு கேரட். தேங்காய்ச் சில் கொடுத்தால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என்னமோ கடிதம் படிக்கிறது போல் திருப்பித் திருப்பித் தின்னும். மரச்சீனிக் கிழங்கை வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும், பச்சையாய்ப் போடக்கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. "பச்சைக் கெழங்கும் எலையும் தின்னா ஆடே செத்துப்போகும், இது எம்பிடு," என்று அவளே கண்டுபிடித்து வைத்திருந்தாள். புதனும் ஞாயிறும் தொட்டியைக் கழுவி வெயிலில் காயவைப்பாள். என் மேசைக்கு அடியில் கிடக்கும் வெட்டுத்துணியை அள்ளிப் போட்டாள். நூல் காலில் சுற்றிக்கொள்ளும் என்று எனக்குப் பயம் வந்து, அதில் நூல் நூலாகக் கிடந்ததையெல்லாம் நானே உட்கார்ந்து பிரித்து எடுத்தேன். எலி அந்தத் துணியைக் கடித்துப் பூவாக்கி, ஒரு கிண்ணம் மாதிரி கூடு கட்டிக்கொண்டது. நீலக்கட்டம் போட்ட யூனிபாரம் துணிக்கூடு.

ஒருநாள் மகள் அதை என் கையில் வைத்துவிட்டாள். மெஷினில் ஊசி ஓடுகிற மாதிரி அதன் நெஞ்சு அடித்தது. என்னைவிடப் பயந்த ஒரு உயிரை நான் அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்கு நான் கையை ஒரு தடவைதான் கழுவினேன்.

அவர் ஞாயிறு தோறும் வந்தார். ஃபேனைத் தடவினார், மோட்டாரில் காதை வைத்துக் கேட்டார், பிறகு தொட்டிக்கு வந்தார். தண்ணீர் மூடி இடதுபக்கம் இருந்தால் வலதுபக்கம் வைப்பார். வலதுபக்கம் இருந்தால் இடதுபக்கம். எலியை வாலில் பிடித்துத் தூக்கி எடை பார்ப்பார். அவர் கைக்கு வந்ததும் அது மூத்திரம் பெய்யும். என் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள்.

"மெலிஞ்சு போச்சே. எனக்க எலிக்கு நீங்க ஒண்ணும் குடுக்கல்லியா?"

"பெரியப்பா, நீங்க குடுத்துட்டியள்லா. இப்ப எனக்க எலில்லா," என்றாள் ஒருநாள்.

அவர் சிரித்தார். அவர் சிரித்தால் கண் சிரிக்காது. "உனக்க எலிதான் மக்ளே. ஆனா குடுத்தது ஆரு?"

ஐப்பசி மழையில் அவர் குடும்பத்தோடு பெங்களூரில் இருக்கும் மூத்த மகளைப் பார்க்கப் போனார். போகும்போது அவர் வீட்டு எலியையும் ஒரு வாரத்துக்கு எங்கள் தொட்டியில் விட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்ததும் அதைக் கொண்டு போய், தன் வீட்டு எலி குட்டி போடும் என்று காத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பால் வைத்ததாகவும் கேள்வி. மூன்று வாரம் கழித்துக் குட்டி போட்டது எங்கள் சுல்தான்.

"கடைக்காரன் மாத்திச் சொல்லிட்டான்," என்றார் போனில். பிறகு உடனே கேட்டார், "எத்தன குட்டி?"

எண்ணவில்லை என்றேன். அக்காவிடம் நம்பர் வாங்கி அந்தக் கடைக்காரனுக்கு நான் அதற்கு முன்பே போன் போட்டிருந்தேன். அவன் சொன்னான், பத்து நாளைக்குக் கூட்டில் கை வைக்கக்கூடாது, இடத்தை மாற்றக்கூடாது, குட்டியில் மனுஷ வாசம் பட்டால் பெற்ற தள்ளையே தின்றுவிடும் என்று. மகள் தொட்டியைத் துணியால் மூடி, மெஷின் சத்தம் கேட்கக்கூடாது என்று என்னையும் மூன்று நாள் காலால் சவுட்ட வைத்தாள். நாங்கள் வீட்டுக்குள் மெதுவாகத்தான் நடந்தோம். என் பெண்டாட்டி தேங்காயைக்கூட வெளியே போய் உடைத்தாள்.

"சரி, நான் வந்து எண்ணுகேன். பாதி எனக்கது," என்றார் அவர்.

இந்தப் பாதி என்ன என்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் ஆட்டைப் பாதிக்கு விடுவது உண்டு. காசு இருந்து மேய்க்க ஆள் இல்லாதவர்கள், ஒரு பெட்டை ஆட்டை வாங்கி வேறொரு வீட்டில் கட்டுவார்கள். அந்த வீட்டுக்காரர்கள் குழை ஒடித்துப் போட்டு வளர்ப்பார்கள். குட்டி போட்டால் ஆளுக்குப் பாதி. தள்ளை ஆடு எப்போதும் உடையவருக்கு. இது ஆட்டுக்கும் மாட்டுக்கும் உள்ள நியாயம். ஒரு ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஓணத்துக்குக் கொடுத்த எலிக்கு இந்த நியாயத்தைக் கொண்டு வரலாம் என்று அவரைத் தவிர வேறு ஆருக்குத் தோன்றும்?

அப்படித்தான் மூன்றாம் நாள் அவர் அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். சென்ட் வாசம் அவருக்கு முன்னால் வந்து சேர்ந்தது. அண்டி ஆபீஸ் அம்மா கொண்டு வந்த மகனின் பழைய சட்டையிலிருந்து நான் அளவு எழுதிக்கொண்டிருந்தேன்.

"எங்க, எனக்க குட்டிகள்?"

"அண்ணா, பத்து நாள் தொடப்பிடாதுன்னு கடைக்காரன் சொன்னான். தள்ளை தின்னுபோடுமாம்," என்றேன்.

"கடைக்காரனுக்கு என்னத்தலே தெரியும்? நான் ஒட்டகம் பெத்ததப் பாத்தவன்."

"நீங்க பாத்தது ஒட்டகத்துக்க போட்டோ," என்றாள் அக்கா.

அவர் அதற்குள் துணியை எடுத்துவிட்டார். எலியை வாலில் பிடித்துத் தூக்கி, மேசையில் பட்டன் போட்டு வைத்திருந்த டப்பாவைக் கவிழ்த்துவிட்டு அதற்குள் போட்டு மூடினார். பட்டன்கள் தரையில் உருண்டன. கூட்டுக்குள் கையை விட்டுக் குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, நான் இஸ்திரி போட்டு வைத்திருந்த வெள்ளைத் துணியின்மேல் வரிசையாக வைத்தார். ரோமம் இல்லை, கண் திறக்கவில்லை. தோல் அவ்வளவு மெலிசு. வயிற்றுக்குள் குடித்த பால் வெள்ளையாகத் தெரிந்தது.

"தோலெடுத்த பருப்பு போல கெடக்கு," என்றாள் அண்டி ஆபீஸ் அம்மா, குனிந்து பார்த்து. "எங்க ஆபீஸ்ல இம்பிடு செவப்பா இருந்தா ரெண்டாந்தரம்னு மாத்திப் போடுவாவ."

"ஏழு," என்றார் அவர். "ஏழுல பாதி மூணர. கெடாவும் எனக்கதுதான? அதனால எனக்கு நாலு, உங்களுக்கு மூணு."

"பத்திரம் எழுதண்டாமா அண்ணாச்சி? எலிக்குப் பாகம் வைக்கியத நான் இப்பத்தான் பாக்கேன்," என்றாள் அந்த அம்மா.

அவருக்கு அது கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கல்ஃப் கம்பெனிப் பெயர் எழுதிய பேனா. ஸ்பேனரில் நம்பர் எழுதுவது போல, நான்கு குட்டிகளின் முதுகில் நான்கு நீலப் புள்ளி வைத்தார். வைக்கும்போதே சொல்லிக்கொண்டு வந்தார். ஒன்று பேங்க் மேனேஜர் வீட்டுக்கு. ஒன்று தாங்கலில் கணக்குப் பார்க்கிறவருக்கு. ஒன்று பால்காரன் பிள்ளைக்கு. நான்காவதை ஆருக்கு என்று தீர்மானிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் எலியைப் பங்கு வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏறி இறங்க இன்னும் நான்கு வீடு பிடிக்கிறார்.

"பெரியப்பா, அதுக்குக் குளிருகு," என்றாள் மகள், மேசைக்கு அடியிலிருந்து.

"பெரியப்பா பாத்துக்கிடுவேன் மக்ளே. குடுத்தா மட்டும் போருமா?"

எல்லாம் முடிந்து குட்டிகளை அள்ளிக் கூட்டில் போட்டு, தள்ளையை மேலே போட்டு, கையை என் வெள்ளைத் துணியில் துடைத்துவிட்டு, சாயா குடித்துவிட்டுப் போனார். எலி கூட்டுக்குள் போகவில்லை. ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு தொட்டியின் நான்கு மூலையும் ஓடிற்று. வைக்க இடமில்லாத ஆள் போல. மகள் துணியைப் போட்டு மூடினாள். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

காலையில் முதலில் பார்த்தவளும் அவள்தான். கூடு அப்படியே இருந்தது. உள்ளே நகத்தளவு ஒரு தோல்துண்டு மட்டும் கிடந்தது, அதன்மேல் நீலப் புள்ளி. எலி மூலையில் உட்கார்ந்து முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தது.

அவள் அழவில்லை. "அப்பா, நீ ஏன் சொல்லல்ல?" என்றாள்.

"சொன்னேனே மக்ளே. தொடாதீங்கன்னு சொன்னேன்லா."

"மெதுவாச் சொன்ன," என்றாள்.

என் பெண்டாட்டி அக்காவுக்குப் போனில் சொன்னாள். பதினொரு மணிக்கெல்லாம் அவர் வந்துவிட்டார். அக்காவும் பின்னால் வந்தாள். அவர் கையில் செருப்புக் கடை அட்டைப்பெட்டி. மூடியில் கத்தியால் மூன்று ஓட்டை போட்டிருந்தார். வீட்டிலேயே தீர்மானித்துவிட்டு வந்திருக்கிறார்.

"பட்டினி போட்டா தள்ளை குட்டியத் திங்காம என்ன செய்யும்? உங்க கையில குடுத்தது எனக்க தப்பு. எலிய எடு தம்பி, நான் கொண்டு போறேன்."

மகள் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். அவருடைய வீட்டில் இருந்த எலி அதற்கு முந்தின வாரமே ஏதோ நோவில் செத்துப்போனதை அக்கா எங்களிடம் சொல்லியிருந்தாள். எங்களிடம் சொல்லக்கூடாது என்று அவர் சொன்னதையும் சேர்த்தே சொல்லியிருந்தாள். இதுவும் அங்கே போனால் எத்தனை நாள்? மகள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். மெதுவாகச் சொல்வேனா என்று பார்த்தாள்.

நான் மோட்டாரைப் பார்த்தேன். பிறகு என் வாயிலிருந்து, நான் யோசிக்காமலேயே, ஒரு காரியம் வந்தது.

"கொண்டு போங்க அண்ணா. பாதிக்கு விட்டதுன்னா உங்களுக்கதுதான். ஆனா வளர்ப்புக் கூலி வச்சிட்டுக் கொண்டு போங்க."

"என்ன கூலி?"

"குட்டி கையில கிட்டாம தள்ளைய அவுக்கதுன்னா, உடையவன் அதுவரை வளத்த கூலியக் குடுத்துட்டுத்தான் கயித்துல கை வைக்கணும். ஆட்டுக்கு அப்படித்தான?"

அவர் அக்காவைப் பார்த்தார், இவன் என்ன பேசுகிறான் என்று கேட்பது போல. அக்கா முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு சொன்னாள்.

"நியாயந்தான் சொல்லுகான். உங்க அம்மைக்க ஆட்ட எங்க அப்பா வளத்தாரு. குட்டி செத்தப்ப கூலிய எண்ணி வச்சிட்டுத்தான் உங்க அம்மை ஆட்ட அவுத்தாவ. நான் கூட நின்னேன்."

"எலிக்கு என்ன கூலி வரப்போவுகு?" என்றார் அவர்.

எழுத்தில் நான் மோசம். கணக்கில் மோசமில்லை. அளவு எழுதுகிற நோட்டை எடுத்து, அவர் கண் முன்னாலேயே எழுதினேன். தீனி வாரத்துக்குப் பத்து ரூபாய், பதினாறு வாரம், நூற்றி அறுபது. வலைமூடி செய்த வகையில் ஆசாரிக்குக் கொடுத்தது எண்பத்தைந்து. ஐப்பசியில் அவர் எலியை ஒரு வாரம் வைத்திருந்தது பத்து. கூட்டிக் கோடு போட்டுக் காட்டினேன்.

அவர் சட்டைப் பையில் ரூபாய் இருந்தது. மெல்லிய வெள்ளைச் சட்டை, வெளியே தெரிந்தது, எல்லாம் ஐநூறு ரூபாய் நோட்டு. கை பைவரைக்கும் போயிற்று. அங்கேயே நின்றது. இதைக் கொடுத்தால் அது கொடை இல்லை, கொடுக்க வேண்டியதைக் கொடுப்பது. அவர் ஆயுசில் அப்படி ஒன்றைக் கொடுத்ததில்லை என்று நினைக்கிறேன். கை பையைத் தடவிவிட்டுக் கீழே இறங்கிற்று.

"சில்லற இல்ல. அடுத்த ஞாயிறு தாறேன். அதுவரை இங்க நிக்கட்டும்," என்றார். அட்டைப்பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு படியிறங்கினார். அன்றைக்கு ஃபேனைத் தடவவில்லை.

அடுத்த ஞாயிறு வந்து மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போவார் என்று நான் பயந்தேன். அவர் கழற்றி மெஷின் கெட்டுவிடக்கூடாது என்று நானே கழற்றி, எண்ணெய் துடைத்து, பேப்பரில் சுற்றி மேசைமேல் வைத்துவிட்டேன். மூன்று ஞாயிறு காலால் சவுட்டித் தைத்தேன். அவர் வரவில்லை. நான்காவது வாரம் திரும்ப மாட்டினேன். கல்யாண வீடுகளில் பார்த்தால் வேறு பந்திக்குப் போய்விடுவார். எங்கள் வீட்டில் ஒரு எலி இருக்கிறது என்று தெரியாத ஆள் போலவே இருந்தார். பஞ்சு அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. குட்டி போடவில்லை. மகள் ஐந்தாம் கிளாசுக்குப் போன பிறகு, ஒரு மத்தியானம் நீலக்கட்டத் துணிக்கூட்டுக்குள்ளேயே தூங்கினபடி செத்துப்போயிற்று.

அவர் போனது அதற்கும் சில வருஷம் கழித்து, நெஞ்சு வலியில். பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, "தம்பி, அந்த எலிக் கணக்கு ஒண்ணு கெடக்குல்லா. அத நான் தீத்துடுகேன், வாங்கிக்கோ," என்றாள்.

வேண்டாம் என்றேன். அவள் பெருந்தன்மை என்று நினைத்திருப்பாள். அப்படி ஒன்றும் இல்லை. ஊர் முழுக்கக் கொடுத்தவர் என்றுதான் அன்றைக்குப் பந்தலில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு நோட்டில் மட்டும் அவர் கொடுக்க வேண்டியவராக இருக்கிறார். அது அப்படியே இருக்கட்டும் என்று எனக்கு. அந்த அளவு நோட்டை நான் இன்னும் தூரப் போடவில்லை. வரவேண்டியது இருநூற்றி ஐம்பத்தைந்து ரூபாய்.